வழிமாறிய காட்டுப் பயணங்கள்

காட்டுக்குள் நடந்து போகிறவர்களுக்கு நேரும் கேடுகளில் பெரும்பாலானவை, அவர்கள் காட்டில் கால் வைக்கும் முன்பே தொடங்கிவிடுகின்றன. எந்த மாதத்தில் போவது, எந்தப் பாதையால் போவது, எவ்வளவு தண்ணீர் எடுப்பது, யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்பதெல்லாம் வீட்டிலேயே தீர்மானிக்க வேண்டியவை. அந்தத் தீர்மானம் பிழைத்தால் காடு அதைப் பொறுத்துக்கொள்வதில்லை.

தமிழர்கள் மத்தியில் இதற்குப் பெரிய உதாரணம் குரங்கணி. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் அது. 2018 மார்ச் மாதம் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் இரண்டு குழுக்கள் அங்கிருந்து கொழுக்குமலைக்கு ஏறின. பெரும்பாலானோர் இளையவர்கள், பெண்களே அதிகம். மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தபோது, காய்ந்த புல் மூடிய சரிவில் தீ பிடித்தது. 23 பேர் இறந்தனர். சிலர் அந்த இடத்திலேயே. மற்றவர்கள் வைத்தியசாலைகளில், நாட்கணக்கில் போராடி. முதலில் ஓடிவந்தவர்களில் மலையடிவாரத்து ஊர்ச்சனங்களும் இருந்தார்கள். விமானப்படையின் ஹெலிகொப்டர்கள் பின்னர் வந்தன.

மார்ச் மாதம் அந்த மலைகளில் காட்டுத்தீக் காலம். குழுவினருக்கு வேறொரு பாதைக்கே அனுமதி இருந்தது என்று அதிகாரிகள் பின்னர் தெரிவித்தனர். அப்படியானால், தேடிப் போகிறவர்கள் முதலில் வேறு பாதையில்தான் தேடியிருக்க வேண்டும். பாதை மாறுவது சின்ன விடயம்போலத் தெரியும். ஆனால் அந்த நேரத்திலிருந்து அந்த ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது வெளியே ஒருவருக்கும் தெரியாது. இந்த அழிவுக்குப் பிறகே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை வகுத்தது.

தீயைப் பற்றியும் குரங்கணி ஒரு பாடத்தை விட்டுச்சென்றது. சரிவில் தீ மேல்நோக்கியே வேகமாக ஓடும். கீழே எரியும் சுவாலை மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆகவே மேலே ஓடுவதும், இடுங்கிய பள்ளத்துக்குள் ஒதுங்குவதும் ஆபத்து. வெறும் பாறை, வெறுந்தரை, நீர்நிலை, ஏற்கெனவே எரிந்து ஆறிய நிலம் ஆகியவையே ஒதுங்கத் தக்க இடங்கள்.

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்காடு, குரங்கணியைப் போல மலைக்காடு அல்ல. அதனால் இங்கே ஆபத்தின் முகமும் வேறு. வன்னியிலுள்ள புதுக்குடியிருப்பைச் சுற்றியுள்ள காடு சமதரை. பாலையும் வீரையும் நெருங்கி நிற்கும். ஏறிப் பார்க்க ஒரு குன்றும் இல்லை, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மரம், ஒரே பற்றை. இப்படியான இடத்தில் மனிதனால் நேராக நடக்க முடிவதில்லை. 2009ஆம் ஆண்டு ஜெர்மனியில் பணியாற்றிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. காட்டில் நேராக நடக்கும்படி சொல்லி விடப்பட்டவர்கள், சூரியன் தெரிந்தவரை நேராக நடந்தார்கள். மேகம் மூடிய நாளில் நடந்தவர்கள் வட்டமடித்தார்கள், பலர் தாங்கள் நடந்த தடத்தையே மீண்டும் குறுக்கிட்டார்கள். தாங்கள் வட்டமடிப்பது அவர்களுக்குத் தெரியவும் இல்லை. மாரி காலத்து வன்னியில், வானம் நாட்கணக்கில் கறுத்திருக்கும்போது, இது நினைவில் இருக்க வேண்டும்.

காட்டுத்தொழில் தெரிந்தவர்கள் இதற்குப் பழைய வழியொன்று வைத்திருக்கிறார்கள். போகிற வழியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கொப்பைப் பாதி முறித்து, முழுவதும் அறுந்து விழாமல் மடித்துத் தொங்கவிடுவார்கள். மடிந்த இலைகளின் வெளிறிய அடிப்பக்கம் பச்சைக்குள் தனித்துத் தெரியும். ஒரு முறிப்பிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரிய வேண்டும் என்பதே அளவு. அந்தத் தொடர் அறுந்துபோனால் முன்னே போகாமல், கடைசியாகக் கண்ட முறிப்புக்குத் திரும்ப வேண்டும்.

தண்ணீர் அடுத்த விடயம். கடும் வெயிலில் நடப்பவரின் உடலிலிருந்து மணிக்கு ஒரு லீற்றருக்கு மேலும் வியர்வை போகக்கூடும். உடல் அளவுக்கு மீறிச் சூடேறும்போது தலை குழம்புகிறது. குழம்பிய ஆள் பிழையான திசையில் உறுதியாக நடக்கிறார். 2006 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் நீலமலைப் பகுதியில் மூன்று பாடசாலை மாணவர்கள் நடைப்பயணம் போனார்கள். தண்ணீர் தீர்ந்தது. அவர்களில் 17 வயது மாணவன் மற்ற இருவரையும் விட்டுப் பிரிந்துபோனான். கையிலிருந்த தொலைபேசியால் அவசர இலக்கத்தைப் பலமுறை அழைத்தான். மறுமுனையில் வீதியின் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். காட்டுக்குள் வீதி ஏது? அவன் உயிரோடு மீளவில்லை. அதன்பின் நடந்த விசாரணை அவசர சேவையின் கேள்வி முறையைக் கடுமையாகக் கண்டித்தது. செய்மதி வழியே சைகை அனுப்பும் சிறு கருவிகளை அந்தப் பகுதியில் நடப்பவர்களுக்கு இன்று இலவசமாக இரவல் கொடுக்கிறார்கள்.

வன்னியில் அப்படியான கருவிகள் கைக்கு எட்டுவதில்லை. உள்காட்டில் தொலைபேசிச் சமிக்ஞையும் பல இடங்களில் அறுந்துவிடும். பொலிசின் 119க்கோ அம்புலன்ஸ் சேவையின் 1990க்கோ அழைப்பு கிடைத்தால் சொல்ல வேண்டியது, எந்தக் குளக்கட்டால் இறங்கினோம், எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நடந்தோம் என்பதை. அழைப்பே கிடைக்காமல் போகலாம் என்பதால், இதே விவரத்தை முன்கூட்டியே வீட்டில் ஒருவர் அறிந்திருக்க வேண்டும். தனியே போவது எல்லாவற்றையும் இன்னும் கடினமாக்கும். 2023 யூலையில் இலங்கை மலைநாட்டில், கடுகண்ணாவைக்கு அருகே அலகல்ல மலையில் தனியாக ஏறிய டென்மார்க் பெண்ணொருவர் விழுந்து இறந்தார். பல நாட்கள் தேடிய பின்பே உடல் கிடைத்தது.

விலங்குகளும் ஓர் ஆபத்து. பாலைப்பழம் பறிக்கப் போகும் காலத்தில் கரடியும் அதே மரத்துக்கு வரும். மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நடப்பவர், அடியில் நிற்கும் கரடியைக் காண்பதில்லை. கிட்டத்தில் திடுக்கிட்ட கரடி முகத்தையும் தலையையும் பிய்க்கும். நாலுபேர் கதைத்துக்கொண்டு போனால் அது பெரும்பாலும் தானாகவே விலகிவிடும். சூடாறாத யானை லத்தியைக் கண்டால் அன்றைய பயணத்தை அதோடு நிறுத்துவதே புத்தி.

கடைசியாக, வன்னி மண்ணுக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. 2009இல் உள்நாட்டுப் போரின் இறுதி மாதங்கள் இந்தப் பகுதியில் நடந்தன. மிதிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்தும், காட்டோரங்களில் வெடிக்காத எறிகணைகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கலாம். வெள்ளம் மிதிவெடிகளை இடம்மாற்றும். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு அப்பால் எந்தத் தேவைக்கும் போகக்கூடாது. பழைய இரும்பு என்று எதையும் தூக்கவோ தட்டவோ கூடாது. அப்படியான நிலத்துக்குள் நுழைந்துவிட்டது தெரிந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பின்னால் வருபவர்களைக் கூவி நிறுத்தி, உதவி வரும்வரை காலை அசைக்காமல் இருக்க வேண்டும். கண்ட பொருளைத் தொடாமல், இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிப்பது அடுத்து அந்த வழியால் விறகுக்குப் போகிறவரின் காலைக் காப்பாற்றும்.