பியூஸ் காப்பது ஒயரை. ஆளைக் காப்பது எது?

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

    

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. நாம் இன்று வீட்டு மின்சாரத்தைப் பற்றிப் பேச வந்துள்ளோம். இதற்குக் காரணம் உண்டு. கற்ற கல்வி சான்றிதழாகப் பெட்டிக்குள் இருந்தால் போதாது. அது நம் வீட்டுச் சுவர் வரையில் வந்து பயன்பட வேண்டும். பள்ளியில் மின்னோட்டம், மின்னழுத்தம் என்று மனப்பாடம் செய்த பிள்ளை, தன் வீட்டில் எர்த் கம்பி இருக்கிறதா என்று ஒருமுறையேனும் பார்த்திருக்கிறானா? இதுவே நம் கேள்வி.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பணியாற்றியபோது, மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. மலிவான மின்சாரம் இன்றித் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமை நீங்காது என்பது அவர் கொண்ட கருத்து. வறுமையை நீக்க வந்த அந்த மின்சாரம் நம் வீட்டில் உயிரை வாங்கலாமா?

நம் காலனிகளுக்கு மின்சாரம் வந்த விதத்தை எண்ணிப் பாருங்கள். முதலில் குடிசைக்கு ஒரு விளக்கு என்று 40 வாட் பல்பு ஒன்று வந்தது. பிறகு தொகுப்பு வீடுகள் வந்தன. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தால் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. பின்னர், பிள்ளைகள் உழைத்துச் சம்பாதித்த பணத்தில் பிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் வந்தன. பொருள்கள் பெருகின. ஆனால் விளக்குக்காக இழுத்த ஒயரிங் பல வீடுகளில் அன்றிருந்தபடியே நிற்கிறது. ஒற்றை மாட்டு வண்டியில் ஊர் நெல்லையெல்லாம் ஏற்றியது போன்ற நிலை இது.

"எங்கள் வீட்டில்தான் பியூஸ் இருக்கிறதே, பிறகென்ன பயம்?" என்று கேட்பவர் பலர். நாம் இன்று சொல்ல வந்த செய்தி இதற்குரிய விடைதான். பியூஸ் என்பது ஒயரைக் காப்பது; ஆளைக் காப்பது அன்று. கணக்கைப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 40 வாட் பல்பு ஒன்று எரிய ஏறத்தாழ 170 மில்லி ஆம்பியர் போதும். மனித உடலிலோ 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நெஞ்சின் வழியாகப் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. 5 ஆம்பியர் பியூஸ் 5000 மில்லி ஆம்பியரைத் தாங்கி நிற்கும். ஓர் ஆள் துடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பியூஸுக்கு அது ஒரு பல்பு எரிவது போலத்தான். MCB என்று எழுதப்படும் எம்.சி.பி.யும் பியூஸின் புதிய வடிவமே. அதுவும் ஆளைக் காக்காது.

அப்படியானால் ஆளைக் காப்பவை எவை? இரண்டு. ஒன்று எர்த், மற்றொன்று ஆர்.சி.சி.பி.

கிரைண்டருக்குள் ஒயர் தேய்ந்து, அதன் உலோக உடலில் மின்சாரம் ஏறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். எர்த் கம்பி இருந்தால் அந்த மின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கும். இல்லாவிட்டால், ஈரக் கையோடு மாவைத் தள்ளும் நம் தாய்மாரின் உடல்தான் அதற்கு வழி. முப்பின் பிளக்கில் பெரிய பின் ஏன் நீளமாக இருக்கிறது? சொருகும்போது எர்த் முதலில் சேரவும், பிடுங்கும்போது கடைசியில் பிரியவும் வேண்டும் என்பதற்காக. அந்தப் பின்னை உடைத்துவிட்டு இருபின் துளையில் சொருகுவது, கிணற்றின் கைப்பிடிச் சுவரை இடித்துவிட்டு நீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

எர்த் கம்பியைச் சுவரோடு நிறுத்திவிடலாகாது. வீட்டுக்கு வெளியே குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு, சுமார் இரண்டரை மீட்டர் இரும்புக் குழாயைப் புதைத்து, அதனோடு இணைக்க வேண்டும். நம் மாவட்டத்தின் செம்மண்ணும் செம்புரைக்கல் நிலமும் கோடையில் காய்ந்து கிடப்பவை. காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் ஏற்காது. ஆகவே கோடையில் வாரம் இருமுறையேனும் அக்குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். குழி தோண்டச் சோம்பி, எர்த் கம்பியை நியூட்ரலோடு முடிந்துவிடுவோரும் உளர். வெளியே நியூட்ரல் அறுந்தால், வீட்டிலுள்ள இரும்புப் பொருள் அனைத்திலும் அன்றைக்கு மின்சாரம் ஏறும். இதனை எக்காலத்தும் அனுமதிக்காதீர்கள்.

ஆர்.சி.சி.பி. என்பது மெயின் சுவிட்சை அடுத்துப் பொருத்தும் சிறு கருவி. போகின்ற மின்சாரமும் திரும்பி வருகின்ற மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று அது இடைவிடாது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஓர் ஆளின் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கசிந்து கணக்கில் குறைந்தால், கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழுந்தால் நலம், விழாவிட்டால் மாற்ற வேண்டும். இதன் விலை, நம் பிள்ளைகள் வைத்திருக்கும் கைப்பேசியின் விலையில் ஒரு சிறு பங்கே. ஆனால் ஒரு கை பேஸையும் மறு கை நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் இக்கருவியும் காப்பாற்றாது என்பதை மறவாதீர்கள்.

இனி, நம்மவர் அடிக்கடி கேட்கும் கேள்விகள் சிலவற்றுக்கு விடை கூறுவோம்.

சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரைத் தொடலாமா? கூடாது. சில வீடுகளில் பேஸுக்குப் பதிலாக நியூட்ரல் கம்பியைச் சுவிட்சில் இணைத்திருப்பார்கள். விளக்கு அணையும், ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். மெயினை அணைத்த பிறகே கை வையுங்கள்.

பியூஸ் அடிக்கடி போகிறதே, தடித்த கம்பி போடலாமா? போனால், சுமை மிகுதி என்றோ ஒயரில் பழுது என்றோ அது நமக்குச் சொல்கிறது. தடித்த கம்பியைப் போட்டால் பியூஸ் உருகாது. சுவருக்குள் ஒயர் உருகும், கூரை தீப்பற்றும்.

தண்ணீர் காய்ச்சும் ஹீட்டரை எங்கே சொருகலாம்? 1500 வாட் ஹீட்டர் ஆறரை ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் பிளக் அதனைத் தாங்காது. தனி ஒயர் இழுத்த 15 ஆம்பியர் பிளக் வேண்டும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின்னரே வாளியில் கை விட வேண்டும்.

துணி காயப்போடும் கொடியை எங்கே கட்டலாம்? இரும்புக் கம்பி வேண்டா. நைலான் கயிறு போதும். மின்கம்பத்திலும் அதன் ஸ்டே கம்பியிலும் கொடியையோ ஆட்டையோ மாட்டையோ கட்டாதீர்கள்.

வீட்டுக்கு வெளியேயும் எச்சரிக்கை வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வீசிய கஜா புயலை நம் மாவட்டம் மறக்காது. கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அறுந்து விழுந்த கம்பியில் மின்சாரம் இல்லை என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அருகில் செல்லாமல், கால்நடைகளையும் தடுத்து, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் பாசத்தால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். ஒரு சாவு இரண்டாகும். முதலில் மெயினை அணையுங்கள். இயலாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். மூச்சு இல்லையேல், 108-க்கு ஒருவர் பேசும்போதே மற்றவர் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தலாகாது.

இளைஞர்களே, இறுதியாக உங்களுக்கு ஒன்று. டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போனால், "நீ தைரியசாலி, ஏறிப் போட்டுவிடு" என்று நம் பிள்ளைகளை அழைக்கும் வழக்கம் சில ஊர்களில் இன்றும் உண்டு. அழைப்பவர் தம் மகனை ஏறச் சொல்வதில்லை. அங்கே மேலே ஓடுவது 11,000 வோல்ட். ஏறியவன் விழுந்தால், அனுமதியின்றி ஏறினான் என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடும். உயிரைப் பணயம் வைக்கும் வேலைக்கு நம்மை ஏவுகிற பழைய பழக்கத்தின் மிச்சமே இது. மரியாதையாக, ஆனால் உறுதியாக, "மின்வாரிய ஊழியரை அழையுங்கள்" என்று சொல்லுங்கள்.

மின்வேலையில் ஆர்வமுள்ளவர்கள் முறைப்படி கற்று வாருங்கள். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் எலெக்ட்ரீஷியன், ஒயர்மேன் பிரிவுகள் உள்ளன. இரண்டும் ஈராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேறியவரும் ஒயர்மேன் பிரிவில் சேரலாம். பெண்பிள்ளைகளும் சேரலாம். சான்றிதழோடும் கையுறையோடும் கூலியோடும் செய்தால் அது தொழில். ஏவியதற்காகச் செய்தால் அது அடிமை வேலை.

கழகத்துக்கு நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. இவ்வெள்ளி விழா ஆண்டில், பயிற்சி பெற்ற நம் பிள்ளைகளைக் கொண்டு காலனி வீடு ஒவ்வொன்றையும் பார்வையிடச் செய்வோம். எர்த் உண்டா, ஆர்.சி.சி.பி. உண்டா, ஒயர் நலமா என்ற மூன்றையும் ஏட்டில் குறிப்போம். இயலாத வீட்டுக்கு எல்லோரும் சேர்ந்து செலவிடுவோம். விழா மேடையின் விளக்குகள் இன்றிரவே அணைந்துவிடும். இந்தப் பணியைச் செய்து முடித்தால் அதன் பயன் பல்லாண்டு நிற்கும்.