இருமலுக்கு இலை, இலைக்கும் ஒரு சோதனை

(அறக்கட்டளையின் மாதாந்திர மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





சென்ற மழைக்காலத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆடாதோடைக் கசாயப் பொடியை வீடு வீடாகக் கொடுத்தோம். பலர் குணம் கண்டதாகச் சொன்னார்கள், மகிழ்ந்தோம். ஆனால் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தகப்பனார் இரண்டு மாதங்களுக்கு மேல் அந்தக் கசாயத்தையே குடித்து வந்தார். உடம்பு மெலிந்து, சளியில் இரத்தம் வந்த பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போனார். காசநோய் என்றார்கள். அதற்குள் அவருடைய மகளுக்கும் தொற்றிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், இருவரும் இப்போது சிகிச்சையில் தேறி வருகிறார்கள். ஆனாலும் பொடியைக் கொடுத்தபோது "எத்தனை நாளாக இருமல்?" என்று ஒரு வார்த்தை நாங்கள் கேட்கவில்லை. அது எங்கள் தவறு. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

இலையில் குறையில்லை. ஆடுகூடத் தொடாத அளவுக்குக் கசப்பான இலை என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர் என்பார்கள். 1888-ஆம் ஆண்டு, உதகையில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளர் அதிலிருந்து வாசிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அந்த வாசிசினை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற மருந்தும், அதிலிருந்து அம்ப்ராக்சாலும் உருவாயின. இன்று மருந்துக் கடையில் சளியை இளக்க நாம் வாங்கும் பல சிரப்புகளில் இருப்பவை இவைதாம். நம் வேலியோரத்து இலை சோதனைக்கு உட்பட்டதால்தான் உலகத்துக்கே பயன்பட்டது.

மருந்தைச் சோதிப்பது நமக்குப் புதிதல்ல. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் மருந்தைச் சோதிக்க ஏழு விதிகளை எழுதி வைத்தார். அவற்றில் மூன்றை மட்டும் பார்ப்போம். பல கோளாறுகள் கலந்த நோயில் அல்ல, ஒரே தன்மையுள்ள நோயில் மருந்தைச் சோதிக்க வேண்டும். ஒருமுறை பலித்தது போதாது, பலன் எப்போதும் தொடர்ந்து தெரிய வேண்டும். சிங்கத்துக்கோ குதிரைக்கோ கொடுத்துப் பார்த்தது மனிதனுக்கு ஆதாரமாகாது, மனித உடலிலேயே பார்க்க வேண்டும்.

முதல் விதியில்தான் நாங்கள் தவறினோம். சளி இருமல், ஆஸ்துமா இருமல், காசநோய் இருமல் எல்லாம் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். நோய்கள் வேறு வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரணச் சளி இருமல் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். ஆகவே மருந்து குடித்தவரையும் குடிக்காதவரையும் ஒப்பிட வேண்டும். 2007-இல் அமெரிக்காவில் 105 பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தேன், ஒரு பிரிவுக்கு இருமல் மருந்து, ஒரு பிரிவுக்கு ஒன்றுமில்லை. மூன்று பிரிவிலும் இருமல் குறைந்தது. ஆனால் தேன் குடித்த பிள்ளைகளுக்கே அதிகம் குறைந்தது. அந்நஹ்ல் அத்தியாயத்தில் தேனைப் பற்றிப் படித்திருக்கும் நமக்கு இது மகிழ்ச்சியான செய்தி.

ஆனால் தேனிலும் எச்சரிக்கை உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சிளம் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் பாட்டிமார்கள் இதைத் தயவுசெய்து மனதில் வைக்கவும். அதேபோல, ஆடாதோடைக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உண்டு. கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும்.

"அப்படியானால் சிரப்பே நல்லதா?" என்று கேட்கலாம். 2022-இல் காம்பியாவிலும் இந்தோனேசியாவிலும் நச்சு கலந்த சிரப்புகளால் எத்தனையோ பிள்ளைகள் மௌத்தானார்கள். இலையோ சிரப்போ, சோதிக்கப்படாத எதையும் நம்பக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் சிறு பிள்ளைகளுக்கு இருமல் சிரப் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இனி நாங்கள் ஒரு முறையைக் கடைப்பிடிப்போம். கசாயப் பொடி கேட்பவரிடம் எத்தனை நாள் இருமல், காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, வீட்டில் கர்ப்பிணி உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்வோம். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்குப் பொடி கிடையாது. நம் தொண்டர் ஒருவர் அவரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிச் செல்வார். அங்கே சளிப் பரிசோதனையும், காசநோய் என்றால் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் அரசு தருகிறது.

காசநோயை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. "பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வருவார்களே" என்று மறைத்தால் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் ஆபத்து. முறையாக மருந்து சாப்பிட்டால் குணமாகும் நோய் அது.

இன்றிரவு உங்கள் வீட்டில் யாராவது இருமினால், முதலில் நாட்களை எண்ணுங்கள். கசாயம் அதற்குப் பிறகு.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.