எழுப்பிக் கொடுப்பதே எங்கள் ஊழியம்

(மருத்துவமனையின் ஆண்டு ஸ்தோத்திரக் கூடுகையில் மயக்க மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆதாமை ஆழ்ந்து உறங்கச் செய்த பிறகே ஆண்டவர் அவன் விலாவைத் தொட்டார் என்று ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். தூங்க வைப்பது எங்களுக்கும் எளிதுதான். பத்திரமாக எழுப்பித் தாயின் கையில் கொடுப்பதே பெரிய வேலை.

சென்ற ஆண்டு, ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைக் குடலிறக்க அறுவைக்கு அழைத்து வந்தார்கள். சிறிய ஆபரேஷன். பார்வைக்கு நல்ல ஆரோக்கியமான பிள்ளை. வழக்கம்போல் தாயாரிடம், "ஓடியாடி விளையாடுவானா?" என்று கேட்டேன்.

"சரியான சோம்பேறி, டாக்டரம்மா. அடிக்கடி விழுவான். படி ஏறச் சொன்னா அழுவான். அடிச்சாலும் கேக்கமாட்டான்" என்றார்.

சிறுவனைத் தரையில் உட்கார வைத்து எழுந்திருக்கச் சொன்னேன். முதலில் குப்புறத் திரும்பினான். கைகளைத் தரையில் ஊன்றினான். பிறகு முழங்கால், தொடை என்று பிடித்துப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏறுகிறவன்போல் எழுந்தான். கெண்டைக்கால்கள் மட்டும் பயில்வானுக்கு இருப்பதுபோல் பருத்திருந்தன.

அன்றைய ஆபரேஷனைத் தள்ளிவைத்தோம். இரத்தத்தில் 200 அளவுக்குள் இருக்கவேண்டிய சி.பி.கே. என்னும் தசைப் பொருள், 10,000-ஐயும் தாண்டியிருந்தது. மரபணுப் பரிசோதனையும் டூஷேன் தசைச் சிதைவு நோய் என்று உறுதி செய்தது. ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் அரிய நோய் இது.

இப்பிள்ளைகளுக்கு மயக்க மருந்தில் என்ன ஆபத்து? தசைகளைத் தளர்த்த சக்சினில்கோலின் என்ற மருந்து உண்டு. நலிந்த தசையில் அது பட்டால், தசைக்குள் இருக்கும் பொட்டாசியம் இரத்தத்தில் கொட்டி, இதயமே நின்றுவிடலாம். முகமூடி வழியாகக் கொடுக்கும் மயக்க வாயுக்களும் இத்தசைகளைச் சிதைக்கக்கூடும். ஆரோக்கியமானவர்கள் என்று எண்ணப்பட்ட சிறுவர்கள் இப்படி மேசையிலேயே இறந்ததை 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய பிறகே, அம்மருந்தின் குறிப்பில் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

ஆகவே எங்கள் இயந்திரத்திலிருந்து மயக்க வாயுக் கருவிகளைக் கழற்றி, நெடுநேரம் ஆக்சிஜனை ஓடவிட்டுச் சுத்தம் செய்தோம். உங்கள் காணிக்கையில் வாங்கிய சிரிஞ்ச் பம்பின் மூலம் புரோபோஃபால் மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தினோம். வலி தெரியாதிருக்க முதுகின் அடியில் மரப்பு ஊசி போட்டோம். இதயத்துடிப்பையும் மூச்சையும் கருவிகள் நொடிதோறும் காட்டிக்கொண்டிருந்தன. பையன் கண் விழித்ததும் இட்லி கேட்டான்!

அந்த நோயை நாங்கள் குணமாக்கவில்லை. மருந்தும் உடற்பயிற்சியும் சில ஆண்டுகள் நடக்க உதவும். பிறகு சக்கர நாற்காலி வேண்டியிருக்கும். இதைச் சொன்னபோது அந்தத் தாயார், "தெரியாம இத்தனை நாள் அடிச்சிட்டேனே" என்று அழுதார். நாங்களும் அவரோடு அழுதோம், ஜெபித்தோம்.

அவர் கையில் ஒரு அட்டை கொடுத்திருக்கிறோம். எந்தெந்த மருந்து கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. நாளை எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் அந்த அட்டை முதலில் பேசும்.

பிரியமானவர்களே, பம்பு வாங்கப் பணம் வேண்டும். அதற்கு உங்கள் காணிக்கை உதவியது. ஆனால் அன்று அந்த உயிரைக் காத்தது தாயின் ஒரு வார்த்தை. உங்கள் சபையில் அடிக்கடி விழுகிற, படி ஏறத் தயங்குகிற பிள்ளை இருந்தால் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். ஆபரேஷனுக்கு முன், வீட்டில் யாருக்காவது தசை நோய் உண்டா, மயக்க மருந்தினால் தீங்கு நேர்ந்ததா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்தச் சிறுவனுக்காகவும் அவன் தாயாருக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள். கர்த்தருக்கே மகிமை.