வயிற்றுப்போக்கே இல்லாத குடல் தொற்று



எழுபது வயதை நெருங்கும் பெரியவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் கஞ்சி குடித்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல். வயிறு உப்பிக் கல்போல் இருக்கிறது, காற்றுகூடப் பிரியவில்லை. இரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை 30,000. சாதாரணமாக அது 11,000-ஐத் தாண்டாது.

தையல் விட்டுப்போய்க் குடல் கசிகிறதோ என்றுதான் மருத்துவர் முதலில் சந்தேகிப்பார். அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் தையல் நன்றாகவே இருந்து, குற்றவாளி வேறாக இருந்தால்?

அந்தக் குற்றவாளியின் பெயர் கிளாஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில், சுருக்கமாக சி-டிஃப். பிறந்த குழந்தைகளின் மலத்தில் 1935-இல் கண்டறியப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது கடினமாக இருந்ததால், 'கடினமானது' என்ற பொருளில் அப்பெயரை வைத்தார்கள். மருத்துவர்களுக்கு அடையாளம் காண்பதும் கடினமாகும் என்று அன்று யார் கண்டார்கள்! ஆண்டிபயாடிக் மருந்துகளுக்குப் பின் வரும் கடுமையான குடல் அழற்சிக்கு இதுவே காரணம் என்பது 1978-இல்தான் தெளிவானது.

கிருமியைக் கொல்லக் கொடுக்கும் ஆண்டிபயாடிக், குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்தே அழிக்கிறது. காலியான வீட்டில் சி-டிஃப் நுழைந்து பெருகி, நச்சைக் கக்குகிறது. அறுவைக்கு முன் பாதுகாப்புக்காகப் போடும் ஒரே ஓர் ஊசிகூடச் சிலருக்கு இதற்குப் போதுமானதாகிவிடுகிறது.

நாளுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போவதே இந்நோயின் வழக்கமான அறிகுறி. ஆனால் அறுவை நோயாளியிடம் அது காணாமல் போகலாம். வயிற்றைத் திறந்தபின் குடல் சில நாள் அசைவற்றுக் கிடப்பது இயல்பு. வலிக்காகக் கொடுக்கும் மார்ஃபின் அதை மேலும் முடக்குகிறது. அழற்சி முற்றினாலும் பெருங்குடல் செயலிழந்து, நீரும் வாயுவும் உள்ளேயே தேங்கி வீங்குகிறது. சிலருக்கு வயிற்றுப்போக்கு தொடங்கிப் பிறகு திடீரென நின்றுவிடும். "காலையிலிருந்து நின்றுவிட்டது" என்று குடும்பத்தார் மகிழ்ச்சியோடு சொல்லும் அந்த நேரத்தில்தான் நோய் உச்சத்தில் இருக்கக்கூடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆய்வுக்கூடங்கள் பொதுவாக நீர்த்த மலத்தையே பரிசோதனைக்கு ஏற்கும். மலமே வராதவருக்கு என்ன செய்வது? ஆசனவாயில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கலாம். சிடி ஸ்கேனில் பெருங்குடலின் சுவர் தடித்திருப்பது தெரியும். ஆனால், முதலில் யாராவது சந்தேகப்பட வேண்டுமே!

பெருங்குடலே எடுக்கப்பட்டு, வயிற்றில் பை மாட்டியிருப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெருங்குடல் இல்லாதவருக்கு அந்தக் கிருமி எப்படி வரும் என்று கேட்கத் தோன்றும். அரிதாகச் சிறுகுடலையும் அது தாக்கும். அப்போது பை வழக்கத்தைவிட வேகமாக நிறையும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டால், உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

சிகிச்சையிலும் ஒரு விந்தை. வான்கோமைசின் என்ற மருந்தை இரத்தக்குழாயில் ஏற்றினால் இந்நோய்க்குப் பயனில்லை. குடலுக்குள் போதிய அளவு சேராது. வாய்வழியாகவே கொடுக்க வேண்டும். குடல் முடங்கியிருந்தால் மூக்குக்குழாய் வழியாகவும், ஆசனவாய் வழியே எனிமாவாகவும் செலுத்துவார்கள்; கூடவே மெட்ரோனிடசோல் இரத்தக்குழாயில் ஏறும். அதற்கும் அடங்காவிட்டால் பெருங்குடலையே எடுக்க வேண்டிவரும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர மருத்துவர்கள், குடலை எடுக்காமல் சிறுகுடலில் ஒரு வாயில் அமைத்து அதன்வழியே பெருங்குடலைக் கழுவும் முறையை 2011-இல் வெளியிட்டார்கள்.

வார்டுக்குள் இது பரவினால் என்னவாகும் என்பதை இங்கிலாந்தின் கென்ட் வட்டாரம் பார்த்துவிட்டது. மெய்ட்ஸ்டன், டன்பிரிட்ஜ் வெல்ஸ் மருத்துவமனைகளில் 2004-க்கும் 2006-க்கும் இடையே ஏறக்குறைய 90 பேர் இத்தொற்றால் உறுதியாகவோ அநேகமாகவோ இறந்தார்கள் என 2007-இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. நெருக்கமாகப் போடப்பட்ட கட்டில்கள், தாதியர் பற்றாக்குறை, துப்புரவுக் குறைபாடு எல்லாம் அதில் பதிவாயின.

கட்டில் அருகே தொங்கும் சானிடைசர் புட்டியை நம்பிவிடாதீர்கள். இக்கிருமி ஓடு மூடிய விதைபோல் மாறி மாதக்கணக்கில் கிடக்கும். ஆல்கஹால் அதைக் கொல்லாது. சோப்பும் ஓடும் நீரும்தான் கையிலிருந்து அதை அகற்றும்.

அறுவை முடிந்தவரைப் பார்க்கப் போகும்போது, கடந்த மூன்று மாதத்தில் அவர் உட்கொண்ட ஆண்டிபயாடிக் மருந்துகளின் பெயர்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது வயிறு போனது, வயிறு எப்போது உப்பத் தொடங்கியது என்பதையும் தாதியிடம் சொல்லுங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.