தார் வீதி ரலியில் இணைச்சாரதி: பெற்றோரும் இளையோரும் அறிய வேண்டியவை

(எமது அமைப்பின் பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் வழமையாகப் பல்கலைக்கழக அனுமதி பற்றியும் குடிவரவுச் சட்டம் பற்றியும் பேசுவோம். இன்று கார்ப் பந்தயம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எமது இளையோர் பிரிவைச் சேர்ந்த மூவர் ரலி ஓட்டத்தில் ஈடுபட விரும்புகின்றனர். வீட்டில் அனுமதி இல்லை. டார்கா தஸ்மேனியா போட்டியில் 2016 இலும் 2018 இலும் இணைச்சாரதியாகப் பங்குபற்றியவன் என்ற முறையில் என்னைப் பேசுமாறு அவர்கள் கேட்டுக்கொண்டனர். அவர்களுக்காக வாதாட நான் வரவில்லை. பெற்றோரின் அச்சம் நியாயமானது என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன்.

டார்கா என்பது இத்தாலிய மொழியில் தகடு எனப் பொருள்படும். 1906 இல் சிசிலித் தீவில் தொடங்கிய டார்கா புளோரியோ பந்தயத்தின் நினைவாக, 1992 இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவில் இப்போட்டி ஆரம்பிக்கப்பட்டது. நான் பங்குபற்றிய காலத்தில் அது ஆறு நாட்கள் நீடித்தது. பொது வீதிகளைச் சில மணி நேரம் மூடி, அப்பகுதிகளில் நேரம் கணிப்பார்கள். அவற்றுக்கு இடையே சாதாரண வாகனங்களோடு சேர்ந்து, வேகக் கட்டுப்பாட்டுக்கு அமைய ஓட்டிச் செல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு பகுதியையும் குறித்த நேரத்துள் முடித்தவருக்கு ஒரு தகடு கிடைத்தது. எம்மைப் போன்ற பொழுதுபோக்குப் போட்டியாளர்கள் அந்தத் தகட்டுக்காகவே சென்றனர்.

சாரதி என்றதும் எமக்குக் கண்ணன் நினைவுக்கு வருவார். அவர் தேரையும் ஓட்டினார், உபதேசமும் செய்தார். ரலியில் இவ்விரண்டும் இருவருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுள்ளன. ஓட்டுபவர் கேட்பார், பக்கத்தில் இருப்பவர் பேசுவார்.

அவர் எதைப் பேசுகிறார்? வீதியின் ஒவ்வொரு வளைவும் முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கும். எமது குறிப்பேட்டில் ஒன்று என்றால் மிகக் கூரிய வளைவு, ஆறு என்றால் ஏறத்தாழ நேர் வீதி. "நூறு, வலம் ஐந்து, மேடு தாண்டி இடம் மூன்று, இறுகும்" என்று நான் கூறினால், நூறு மீற்றர் நேராகச் சென்று, வலப்புறம் இலகுவான வளைவு, பின்னர் ஒரு மேடு, அம்மேட்டுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத இடப்புற வளைவு, அதுவும் போகப் போகக் குறுகும் என்று பொருள். மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு செக்கனில் 33 மீற்றர் கடந்துவிடும். அவ்வசனத்தைச் சொல்லி முடிக்க எனக்கு மூன்று செக்கன் தேவை. அதற்குள் நூறு மீற்றர் போய்விடும். ஆகவே, கண் பார்க்கும் வளைவை நான் படிப்பதில்லை. அதற்கு அடுத்ததைப் படிக்கிறேன். மிக முந்திச் சொன்னால் சாரதி மறந்துவிடுவார். பிந்திச் சொன்னால் பயனில்லை.

இவ்வளவையும் தலையைக் குனிந்துகொண்டே செய்ய வேண்டும். எந்த வளைவில் இருக்கிறோம் என்பதை இருக்கையின் அசைவைக் கொண்டு உடல்தான் உணர்கிறது. முதல் நாளில் குமட்டல் வராதவர் அரிது. 1955 இல் இத்தாலியின் மில்லே மில்லியா பந்தயத்தில் ஸ்டேர்லிங் மொஸ் ஓட்ட, டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர் பக்கத்தில் அமர்ந்தார். ஏறத்தாழ ஐந்து மீற்றர் நீளமான காகிதச் சுருளில் 1,600 கிலோமீற்றர் வீதியையும் எழுதி வைத்திருந்தார் அவர். இயந்திரத்தின் இரைச்சலில் குரல் கேளாது என்பதால் கைச் சைகைகளாலேயே வழி சொன்னார். வழியில் வாந்தியெடுத்தபோது காற்றில் மூக்குக்கண்ணாடி பறந்துபோக, மாற்றுக் கண்ணாடியை அணிந்துகொண்டு தொடர்ந்து படித்தார். பத்து மணி ஏழு நிமிடத்தில் வென்றனர். மாற்றுக் கண்ணாடி கொண்டுபோன அந்த முன்யோசனையைத்தான் இணைச்சாரதியின் குணம் என்பேன்.

குரல் பற்றியும் ஒன்று கூற வேண்டும். எமது பிள்ளைகளைப் பேச்சுப்போட்டிக்கு ஆயத்தப்படுத்தும்போது ஏற்ற இறக்கத்துடன் பேசு என்கிறோம். இங்கு ஏற்றம் அபாயத்துக்கு மட்டுமே உரியது. முழு நாளும் ஒரே சீராகப் படிக்கும் குரல் சற்று உயர்ந்தாலே சாரதியின் கால் தானாகத் தளரும்.

நேரக் கட்டுப்பாடும் இணைச்சாரதியின் பொறுப்பே. குறித்த நிமிடத்தில் சோதனைச் சாவடியில் நேர அட்டையைக் கொடுக்க வேண்டும். பிந்தினாலும் தண்டம், முந்தினாலும் தண்டம். ஆறு மணி விழாவை ஏழரைக்குத் தொடங்கும் எமது சங்கங்களின் செயலாளர்களை ஒருமுறையாவது அங்கு அனுப்பலாம் என்று நான் எண்ணியதுண்டு.

விபத்து நேர்ந்தால் கார் நின்றவுடன் பின்னால் வருபவருக்கு எச்சரிக்கை முக்கோணத்தை வைத்து, நலம் என்றோ உதவி தேவை என்றோ அறிவிக்கும் பலகையை உயர்த்திக் காட்ட வேண்டும். அப்பலகை எமது கதவுப் பையில் ஆறு நாளும் இருந்தது.

இனி, பெற்றோர் கேட்க விரும்பும் விடயத்துக்கு வருகிறேன். 2021 ஏப்ரலில் டார்கா தஸ்மேனியாவில் அடுத்தடுத்த இரு நாட்களில் மூவர் உயிரிழந்தனர். முதல் விபத்தில் சாரதி இறந்தார், இணைச்சாரதி தப்பினார். மறுநாள் விபத்தில் சாரதி, இணைச்சாரதி இருவருமே இறந்தனர். விசாரணை நடத்தி விதிகளை இறுக்கிய பின்னரும் 2022 இல் மேலும் ஒருவர் உயிரிழந்தார். 2023 இல் நடைபெறவிருந்த போட்டி கைவிடப்பட்டது. மில்லே மில்லியாவும் 1957 இல் சாரதி, இணைச்சாரதி, பார்வையாளர் ஒன்பது பேர் என ஒரே விபத்தில் பதினொருவர் இறந்ததுடன் வேகப் பந்தயமாக நடைபெறுவது முடிவுக்கு வந்தது. தாயகத் தீவிலிருந்து வந்தோர் 2024 ஏப்ரலில் தியத்தலாவைப் பந்தயத் திடலில் பார்வையாளர் உட்பட ஏழு பேர் மாண்டதை மறந்திருக்கமாட்டீர்கள்.

தார் வீதி ஏன் கூடுதல் அபாயம்? மண் வீதியில் சில்லு வழுக்கும். வேகம் தானாகவே குறையும். தாரில் பிடிமானம் அதிகம், அதனால் வேகமும் அதிகம். ஆயினும் வீதியோரத்தில் பந்தயத் திடலில் உள்ளதுபோல் வெற்று நிலம் கிடையாது. மரமும் மின்கம்பமும் பாறையும் உண்டு. தஸ்மேனியாவில் ஏப்ரல் இலையுதிர் காலம். வெயில் படும் வளைவு காய்ந்திருக்க, அடுத்த வளைவின் நிழலில் ஈர இலைகள் கிடக்கும். இதற்கும் மேலாக, என் சொந்தக் கருத்து ஒன்று: பணம் இருந்தால் மிக வலுவான காரை வாங்கிவிடலாம், அதை ஓட்டும் ஆற்றலை வாங்க முடியாது. அப்போட்டியில் இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் பலரிடம் பெரிதாக இருந்ததைக் கண்ணால் கண்டேன்.

எமது காரில் ஓர் உடன்பாடு இருந்தது. நான் "மெதுவாக" என்று கூறினால் அப்பகுதி முடியும் வரை சாரதி காரணம் கேட்கக் கூடாது. அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், காரும் அவருடையது. ஆயினும் 2018 இல், மழை பிடித்த மலைப் பாதையில், முதல் இரண்டு வளைவுகளிலேயே அவர் களைத்திருப்பது புரிந்தது. எல்லா எண்களையும் ஒன்று குறைத்துப் படிப்பதாகக் கூறினேன். ஐந்தை நான்கு என்றேன். அவர் மறுபேச்சின்றிக் கேட்டார். அப்பகுதியில் தகட்டுக்குரிய நேரத்தைத் தவறவிட்டோம். அவ்வாண்டு எமக்குத் தகடு இல்லை. மாலையில் அவர் எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார். அதுபற்றி இருவரும் பேசவில்லை.

ஆகவே, பெற்றோர்களே, "ரலி வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். எந்தப் போட்டி, எந்தக் கார், ஓட்டுபவர் யார், எத்தனை ஆண்டு அனுபவம், காருக்குள் பாதுகாப்புக் கூண்டு உண்டா, எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பிள்ளை நிறுத்தச் சொன்னால் அந்தச் சாரதி நிறுத்துவாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குச் சாரதி சிரித்தால் அக்காரில் ஏற விடாதீர்கள். இளையோரே, அதிவேகத் தார் வீதி ரலியில் தொடங்குவதற்கு என் ஆதரவு கிடையாது. வேகக் கட்டுப்பாட்டுக்குள் வரைபடத்தையும் நேரத்தையும் மட்டும் வைத்து நடத்தும் கழக ஓட்டங்கள் உள்ளன. குறிப்பேடு படிக்கவும் நேர அட்டை பேணவும் அங்கே பழகலாம். பெண் பிள்ளைகளும் வாருங்கள். 1981 இல் சன்ரீமோ ரலியில் மிஷேல் மூட்டோன் வென்று, உலக ரலித் தொடரின் சுற்றொன்றை வென்ற முதற் பெண் ஆனபோது, குறிப்புப் படித்த பப்ரிசியா பொன்ஸும் ஒரு பெண்தான்.

எனது பழைய குறிப்பேடுகள் இரண்டையும் கொண்டுவந்திருக்கிறேன். பின்வரிசை மேசையில் உள்ளன. சத்தமாகப் படித்துப் பாருங்கள். பெற்றோர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்வோம்.