கண்ணாடிச் சாடியில் கெராங்



சந்தையில் வாங்கும் கெராங் நம் எல்லாருக்கும் தெரியும். ஓட்டின்மேல் 15 முதல் 20 வரை தடித்த வரிகள் ஓடும் அந்தச் சிப்பியைச் சட்டியில் பார்த்திருக்கிறோம். அது உயிரோடு என்ன செய்கிறது என்று பார்த்தவர் எத்தனை பேர்?

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கடலோரத் தோட்டப் பள்ளி ஒன்றில் அறிவியல் பாடத்துக்காக ஒரு கிலோ கெராங் வாங்கினேன். குழாய் நீரில் சமையல் உப்பைக் கரைத்து, எல்லாவற்றையும் ஒரே சாடியில் போட்டுவைத்தேன். மறுநாள் காலையில் வகுப்பெல்லாம் நாற்றம். அத்தனையும் வாய் பிளந்து செத்துக் கிடந்தன. "சார், நாம படிக்கிறதுக்கு அதுங்க சாகணுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அவை ஏன் செத்தன? குழாய் நீரில் குளோரின் இருக்கிறது. கடல்நீரோ வெறும் உப்புத் தண்ணீர் அல்ல. மக்னீசியம், கால்சியம் போன்ற பல தாதுக்கள் அதில் கலந்துள்ளன. நெரிசலில் ஒன்று செத்தால் நீர் கெட்டு மற்றவையும் சாகும்.

மறுமுறை மாணவர்களோடு சேற்றுக் கரைக்கே போனேன். ஐந்து கெராங் மட்டும் எடுத்தோம்; அவை இருந்த இடத்து நீரையே வாளியில் கொண்டுவந்தோம். வெயில் படாத இடத்தில் வைத்து, மீன்தொட்டிக்குப் பயன்படும் காற்றுப் பம்பைப் போட்டோம். பிறகு இரண்டு சாடிகளிலும் ஒரே அளவு கலங்கிய கடல்நீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் கெராங்கை விட்டோம். சேறு தானாகவும் படியும் அல்லவா? அதை ஒப்பிடத்தான் இரண்டாவது சாடி.

தொந்தரவு இல்லையென்று தெரிந்ததும் ஓடுகள் மெல்லத் திறந்தன. சில மணி நேரத்தில் கெராங் இருந்த சாடி முந்தித் தெளிந்தது. அடியில் சளியில் சுருட்டிய சிறு சிறு சேற்று உருண்டைகள் கிடந்தன. கெராங் தன் செவுளால் நீரை இழுத்து வடிகட்டுகிறது. நுண்ணிய பாசியைத் தின்று, வேண்டாததை உருட்டித் தள்ளுகிறது. அதனால்தான் தெளிந்த நீருள்ள அலங்கார மீன்தொட்டியில் அதைப் போட்டுவைத்தால் பட்டினியால் சாகும். இன்னொரு புதுமையும் உண்டு. பெரும்பாலான சிப்பிகளுக்கு இல்லாத ஹீமோகுளோபின் இதற்கு உண்டு. நம்மைப் போலவே இதன் இரத்தமும் சிவப்பு.

தாய்மார்களே, இனி வரும் பாடம் உங்கள் அடுப்படிக்கு உரியது. நீரில் பாசி மட்டுமா இருக்கிறது? சாக்கடை கலந்தால் கிருமியும் இருக்கும். வடிகட்டும் உடம்பில் அது சேர்ந்துவிடும். 1988இல் சீனாவின் ஷங்காய் நகரில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் ஹெப்பாடைட்டிஸ் ஏ என்னும் ஈரல் நோயால் படுத்தார்கள். கெராங்கின் இனத்தைச் சேர்ந்த சிப்பியைச் சரியாக வேகவைக்காமல் உண்டதே காரணம்.

சுடுநீரை ஊற்றி உடனே வடித்துவிடுவது போதாது. ஓடு திறந்த பிறகும் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கட்டும். சமைக்குமுன் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள். மூடாவிட்டால் அது செத்தது, எறிந்துவிடுங்கள். இன்னொன்று: கடலில் சில வகை நுண்பாசி பெருகும்போது சிப்பியில் சேரும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. 1976இல் சபாவில் அதனால் உயிர்களே போயின. ஆகவே மீன்வளத் துறை வேண்டாமென்று எச்சரித்தால் வாங்காதீர்கள்.

எங்கள் ஐந்து கெராங்கையும் மறுநாளே எடுத்த இடத்தில் கொண்டுபோய் விட்டோம். வாளியைத் தூக்கிவந்தவள் அந்த மாணவிதான். ஐந்தும் சேற்றில் புதையும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அன்று கேட்ட கேள்விக்கு அவளே விடை கண்டுவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன்.

உங்கள் பிள்ளைகள் ஓர் உயிரைப் பிடித்துவந்து பார்க்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். கொஞ்சமாக எடுக்கவும், அதன் நீரையும் உடன் கொண்டுவரவும், பார்த்த பின் திரும்ப விடவும் சொல்லிக்கொடுங்கள்.