பெயர் மறந்த கருவிகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா நான். புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இவ்வவையில் இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை. ஆதலின், ஓர் இரும்புக் கருவியைப் பற்றிப் பேச முன்வந்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் நிலையத்தில் பழைய அறையொன்றை ஒழித்தபோது, கனத்த வார்ப்பிரும்புக் கருவி ஒன்று அகப்பட்டது. பெரிய பாக்குவெட்டி என்றார் ஓர் இளைஞர். தாளில் துளையிடும் பொறி என்றார் மற்றொருவர். அதன் வாயினுள் உற்று நோக்கினேன். சிறிய எண்கள், அச்செழுத்துப் போல் இடம் வலமாகத் திரும்பியிருந்தன. நினைவுக்காக வைத்திருந்த பழைய அட்டை டிக்கெட்டை எடுத்து அவ்வாயில் செருகினேன். ‘டக்’கென்று தலை அசைந்தது. அனைவரும் வியந்தனர்.

அது டிக்கெட்டில் தேதி பதிக்கும் பொறி. இங்கிலாந்தில் தாமஸ் எட்மன்சன் என்னும் நிலைய அதிகாரி 1830-களில் வகுத்த முறை அது. முன்னர் மரத்தச்சு பயின்றவர் அவர். ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் உள்ள அட்டைகளில் வரிசை எண் இருக்கும். முடிவெண்ணிலிருந்து தொடக்க எண்ணைக் கழித்தால் அன்றைய விற்பனை தெரிந்துவிடும். 2001-இல் நான் பணியேற்றபோது நாள்தோறும் இயக்கிய பொறி, நான் ஓய்வு பெறுமுன்னரே புதிராகிவிட்டது!

நியூசிலாந்தில் 1836-ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்னும் கிறித்தவ சமயப் பணியாளர், மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைத்த வெண்கலப் பாத்திரமொன்றைக் கண்டார். அது விளிம்புடைந்த மணி. அதிலிருந்த எழுத்து தமிழ். முகையதீன் பக்சு என்பவரின் கப்பல் மணி என்பது அதன் பொருள். எழுத்து இருந்தமையால் அது இன்னதென்று தெரிந்தது.

நம் வீட்டுப் பொருள்களில் எழுத்தேது? சென்ற கார்த்திகையன்று என் மகள் பரணிலிருந்த பாலாடையை எடுத்து, விளக்கென்று எண்ணி எண்ணெய் வார்த்தாள். குழந்தையாக அவள் பால் குடித்ததே அதில்தான்! குற்றம் அவளுடையதன்று, சொல்லாத என்னுடையது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவிற்கு ஒவ்வொரு குடும்பத்தாரும் உழக்கோ, சேவை நாழியோ, பழம்பொருள் ஒன்றைக் கொணருங்கள். அதன் பெயரையும் பயனையும் பெரியோரிடம் கேட்டு, பிள்ளைகளின் கையாலேயே எழுதச் செய்யுங்கள். சொல்ல வல்லார் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.